பழைய லென்ஸ் மாட்டிப் பழகுவோருக்குப் பதினான்கு அறிவுரைகள்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கம் ஃபிலிம் காலத்தில் ஸ்டுடியோ நடத்திய குடும்பங்களில் இன்றைக்கும் ஏதாவதொரு அலமாரியில் பழைய கேமரா கிடக்கும். பாடி ஓடாது. ஃபிலிம் கழுவித் தர ஆளில்லை. ஆனால் முன்னால் இருக்கும் லென்ஸ் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வரும் இளையவர்கள் கேட்பது ஒரே கேள்வி: “அண்ணாச்சி, இதை என் மிரர்லெஸ்ஸில் மாட்டலாமா?”

மாட்டலாம். ஆனால் எதற்காக மாட்டுகிறோம் என்று தெரிந்து மாட்ட வேண்டும். பழைய லென்ஸ் தானாக எதையும் செய்யாது. ஃபோகஸை நீங்கள் திருப்ப வேண்டும், அப்பர்ச்சரை நீங்கள் வைக்க வேண்டும், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை நீங்கள் பார்க்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் முடிவெடுக்கப் பழக்குவதுதான் அதன் பெரிய பலன். அந்தப் பழக்கம் கைவர என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. காசு கொடுப்பதற்கு முன் வீட்டில் தேடுங்கள்.

1980, 90களில் நம் ஊர்க் கல்யாணங்களை எடுத்தவை பென்டாக்ஸ் கே1000, யாஷிகா எஃப்எக்ஸ்-3, மினோல்டா எக்ஸ்-300, நிக்கான் எஃப்எம், ரஷ்ய ஜெனித் போன்ற கேமராக்கள். இவை எல்லாவற்றிலும் லென்ஸ் கழலும். மாமா, சித்தப்பா யாரிடமாவது ஒன்று இருக்கும். கேட்டால் மகிழ்ச்சியோடு கொடுப்பார்கள். இரட்டைக் கண் யாஷிகா மேட், ஆக்ஃபா கிளிக் 3, ஹாட் ஷாட் போன்றவற்றில் லென்ஸ் பாடியோடு சேர்ந்தது. அவற்றைப் பிய்க்காதீர்கள், முழுசாகப் பாதுகாத்து வையுங்கள்.

முதல் லென்ஸ் 50 மிமீ-ஆக இருக்கட்டும். அந்தக் காலத்தில் கேமராவோடு சேர்ந்து வந்தது பெரும்பாலும் அதுதான் என்பதால் மலிவாகக் கிடைக்கும். எல்லா கம்பெனியும் அதிக அக்கறையோடு செய்த லென்ஸும் அதுவே. எஃப் 1.4 வேண்டும் என்று அலையாதீர்கள். எஃப் 1.8, எஃப் 2 போதும்.

2. ஃபிளாஞ்ச் தூரத்தைப் புரிந்துகொள்ளுங்கள்.

லென்ஸ் உட்காரும் மவுண்ட்டின் முகத்திலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரைக்கும் உள்ள தூரம் இது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. பழைய எஸ்எல்ஆரில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே கண்ணாடி ஏறி இறங்க இடம் வேண்டும். அதனால் அந்தத் தூரம் அதிகம்: நிக்கான் எஃப் 46.5 மிமீ, ஒலிம்பஸ் ஓஎம் 46, எம்42 திருகு மவுண்ட்டும் பென்டாக்ஸ் கே மவுண்ட்டும் 45.46, மினோல்டா 43.5, கேனன் எஃப்டி 42.

மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி இல்லை. சோனி ஈ மவுண்ட் 18 மிமீ, ஃபுஜி எக்ஸ் 17.7, கேனன் ஆர்எஃப் 20, நிக்கான் இசட் 16. மிச்சம் இருக்கும் இடத்தை ஒரு வெறும் உலோக வளையத்தால் நிரப்பினால் போதும். எம்42 லென்ஸை சோனியில் மாட்ட 45.46-இல் 18 போக 27.46 மிமீ உயரமுள்ள வளையம் வேண்டும். அடாப்டர் என்பது அவ்வளவுதான். உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லாததால் படத்தின் தரம் குறையாது.

நிக்கான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் எம்42 லென்ஸ் மாட்டினால் தூரத்து மலை தெளியாததும் இந்தக் கணக்கால்தான். எம்42-க்கு இருக்க வேண்டிய தூரத்தைவிட நிக்கான் பாடியின் தூரமே கூடுதலாக இருக்கிறது. மிரர்லெஸ்ஸில் பழைய லென்ஸ் மாட்டும் கதவு திறந்தது 2008-இல் பானாசோனிக் ஜி1 வந்தபோது. 2013-இல் சோனி ஏ7 வந்த பிறகு, பழைய 35 மிமீ ஃபிலிம் லென்ஸின் முழுப் பார்வையும் மிரர்லெஸ்ஸில் அப்படியே கிடைக்கத் தொடங்கியது.

3. மவுண்ட் எதுவென்று உறுதி செய்யாமல் அடாப்டர் வாங்காதீர்கள்.

லென்ஸின் பின்பக்கத்தைப் பாருங்கள். திருகு மரை இருந்து அதன் குறுக்களவு 42 மிமீ என்றால் எம்42. நகம் வைத்த வளையம் என்றால் பயோனெட். கம்பெனிப் பெயரை வைத்துத் தேடலாம். யாஷிகா எஃப்எக்ஸ்-3-க்கு யாஷிகா-கான்டாக்ஸ் அடாப்டர் வேண்டும். கேனன் எஃப்டி லென்ஸுக்கு அடாப்டரிலேயே ஒரு பூட்டு வளையம் இருக்கும். அதைப் பூட்டும் நிலைக்குத் திருப்பினால்தான் அப்பர்ச்சர் வேலை செய்யும்.

எம்39 திருகில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். பழைய லைக்கா லென்ஸுக்கும் ஆரம்பகால ஜெனித் லென்ஸுக்கும் மரை அளவு ஒன்றுதான். ஆனால் லைக்காவின் தூரம் 28.8 மிமீ, ஜெனித்தினுடையது 45.2 மிமீ. ஒன்றின் அடாப்டரில் இன்னொன்று அழகாக ஏறி உட்காரும். ஃபோகஸ் மட்டும் வராது. லென்ஸ் கெட்டுவிட்டது என்று நினைத்து விற்றுவிடாதீர்கள்.

நிக்கானின் ‘ஜி’ வகை லென்ஸ்களில் அப்பர்ச்சர் வளையம் இல்லை. அவற்றுக்கு வளையம் வைத்த அடாப்டர் தனியாக உண்டு.

4. டார்ச் இல்லாமல் லென்ஸ் வாங்கப் போகாதீர்கள்.

செல்போன் டார்ச் போதும். லென்ஸை அகலத் திறந்து வைத்து, பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் காட்டி, முன்பக்கமாகச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். ஓரத்திலிருந்து நடுப்பக்கமாகச் சிலந்தி நூல் போலக் கிளைத்துப் போனால் அது பூஞ்சை. முழுக் கண்ணாடியும் பால் படிந்த மாதிரி இருந்தால் உள்ளே ஆவி படிந்திருக்கிறது. இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டிருந்தால் ஓரத்தில் வானவில் நிறத்தில் வளையம் தெரியும். பசை விட்ட லென்ஸை வாங்கவே வேண்டாம். ஓரத்தில் இருக்கும் சிறு பூஞ்சையைச் சுத்தம் செய்யலாம்; நடுவில் கண்ணாடியையே அரித்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்து அப்பர்ச்சர் தகடுகள். நம் ஊர் வெயிலில் உள்ளே இருக்கும் கிரீஸ் இளகி, எண்ணெய் பிரிந்து தகடுகளில் படியும். எஃப் 16-இல் வைத்து, பின்னால் உள்ள ஊசியை விரலால் அழுத்தி விடுங்கள். தகடுகள் உடனே மூடித் திறக்க வேண்டும். தூங்கி வழிந்தால் எண்ணெய் ஏறியிருக்கிறது என்று பொருள். பிறகு ஃபோகஸ் வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்புங்கள். ஒரே சீராகப் போக வேண்டும். நடுவில் இறுகவும் கூடாது, தளரவும் கூடாது.

உள்ளே கொஞ்சம் தூசி, கண்ணாடிக்குள் ஒன்றிரண்டு காற்றுக் குமிழ், முன்கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறல் இவற்றுக்கெல்லாம் பயப்பட வேண்டாம். பின்கண்ணாடியில் கீறல் இருந்தால் மட்டும் யோசியுங்கள். சென்சாருக்கு அருகில் இருப்பதால் அது படத்தில் தெரியும்.

5. அடாப்டரை வாங்கியதும் பொதிகையைப் பார்த்துச் சோதியுங்கள்.

ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் நல்ல சாதாரண அடாப்டர் கிடைக்கிறது. மாட்டியதும் லென்ஸ் ஆடக் கூடாது. அடுத்தது இன்ஃபினிட்டி சோதனை. மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் அம்பாசமுத்திரம் பக்கம் வயல் வரப்பில் நின்றால் மேற்கே பொதிகை மலை முகடு கத்தியால் வெட்டிய மாதிரி தெரியும். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, வியூஃபைண்டரில் பெரிதாக்கி, அந்த முகட்டில் ஃபோகஸ் வையுங்கள். வளையம் கடைசிக் கோட்டுக்கு வருவதற்குச் சற்று முன்பே முகடு தெளிந்தால் அடாப்டர் ஒரு நூலிழை மெலிந்தது; பெரும்பாலானவை அப்படித்தான் வரும், பாதகமில்லை. கடைசிவரை திருப்பியும் முகடு தெளியவில்லை என்றால் அடாப்டர் உயரம் கூடியது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடாப்டரின் உட்சுவரையும் பாருங்கள். பளபளவென்றிருந்தால் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்து, படத்தின் கறுப்பைச் சாம்பலாக்கும். உள்ளே பளபளப்பில்லாத கறுப்பு வெல்வெட் தாளை வெட்டி ஒட்டினால் சரியாகிவிடும். லென்ஸைக் குறை சொல்வதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

6. கேமராவில் நான்கு அமைப்புகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலாவது, லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதி. பழைய லென்ஸை கேமரா அடையாளம் காணாது. சோனி, ஃபுஜி, கேனன் பாடிகளில் இந்த அனுமதியைக் கொடுக்காவிட்டால் படமே விழாமல் போகலாம். இரண்டாவது, அப்பர்ச்சர் முன்னுரிமை. நீங்கள் லென்ஸில் வளையத்தைத் திருப்பினால் ஷட்டர் வேகத்தை கேமரா பார்த்துக்கொள்ளும். மூன்றாவது, பாடியில் நடுக்கத் தடுப்பு இருந்தால் லென்ஸின் மிமீ எண்ணைக் கையால் பதியுங்கள். லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணையே போட வேண்டும், சென்சாருக்கு ஏற்பப் பெருக்கிய எண்ணை அல்ல. நான்காவது, வியூஃபைண்டரில் பெரிதாக்கிப் பார்ப்பதைக் கட்டைவிரலுக்கு எட்டும் ஒரு பட்டனில் வையுங்கள்.

எந்த அப்பர்ச்சரில் எடுத்தோம் என்பது ஃபைலில் பதிவாகாது. ஆகவே ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, லென்ஸ், எஃப் எண், இடம், நேரம் நான்கையும் எழுதுங்கள். தொடக்கத்தில் நீங்கள் கற்றுக்கொள்வதில் பாதி அந்த நோட்டில்தான் சேரும்.

7. ஃபோகஸ் பீக்கிங்கை மட்டும் நம்பாதீர்கள்.

பீக்கிங் சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஓரங்களைக் காட்டும். அது ‘இந்தப் பக்கம்’ என்று கைகாட்டும் அளவுக்குத்தான் உதவும். எஃப் 2-இல் ஒரு முகத்தை எடுக்கும்போது புருவம் தெளிந்தாலும் கண் தெளிந்தாலும் ஒரே நிறம்தான் காட்டும். பெரிதாக்கி, கண்ணின் இமைமயிரைப் பார்த்து, வளையத்தை இரண்டு பக்கமும் சற்றுத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து நிறுத்துங்கள். நிறுத்திய பின் மூச்சு வாங்கி முன்னும் பின்னும் ஆடாமல் எடுங்கள்.

அசையாத பொருளுக்கு முழுக்கத் திறந்து ஃபோகஸ் வைத்து, பிறகு எஃப் 5.6-க்கு மூடுங்கள். ஹீலியாஸ் 44-2 போன்ற லென்ஸில் இதற்கென்றே இரண்டு வளையம் இருக்கும். ஒன்றில் எண்ணை வைத்துவிட்டு, மற்றதைத் திருப்பித் திறக்கலாம், மூடலாம். கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமலே விரல் அந்த வேலையைச் செய்யப் பழக வேண்டும்.

8. கூட்டத்தில் ஃபோகஸ் தேடாதீர்கள், முன்கூட்டியே வைத்துவிடுங்கள்.

ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் ரத வீதியில் திரும்பும்போது பெரிதாக்கிப் பார்க்க யாருக்கும் நேரம் கிடைக்காது. வடம் பிடிப்பவர்கள் உங்களைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அங்கே உதவுவது லென்ஸின் மேல் பொறித்திருக்கும் தூர அளவுகோல்.

ஃபுல்ஃப்ரேம் கேமராவில் 28 மிமீ லென்ஸை எஃப் 8-இல் வைத்து, தூரத்தை 3.3 மீட்டரில் நிறுத்துங்கள். ஏறக்குறைய 1.6 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் தெளிவாக விழும். 35 மிமீ என்றால் 5 மீட்டரில் வைக்க வேண்டும், இரண்டரை மீட்டரிலிருந்து தெளியும். 50 மிமீ என்றால் 10 மீட்டர், ஐந்து மீட்டருக்கு அப்பால் தெளியும். ஏபிஎஸ்-சி என்னும் சிறிய சென்சாரானால் இந்தத் தூரங்கள் ஒன்றரை மடங்காகும். எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு, கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனதும் அழுத்த வேண்டியதுதான். எந்த ஆட்டோ ஃபோகஸும் இதைவிட வேகம் கிடையாது.

9. சென்சாருக்கு ஏற்ற லென்ஸைத் தேர்ந்தெடுங்கள்.

ஏபிஎஸ்-சி சென்சாரில் 50 மிமீ லென்ஸ் 75 மிமீ அளவுக்கு நெருக்கிக் காட்டும், கேனனில் 80. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 100. வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆச்சியின் முகத்துக்கு அது அருமை. கல்லிடைக்குறிச்சி அக்ரகாரத் தெருவை முழுசாக எடுக்க ஆகாது. தெருவுக்கு 28 மிமீ தேடுங்கள். 0.71 மடங்கு சுருக்கும் கண்ணாடி வைத்த அடாப்டரும் உண்டு. பார்வை அகலும், ஒரு ஸ்டாப் வெளிச்சமும் கூடும். ஆனால் விலை அதிகம், மலிவானது ஓரங்களைக் குழப்பும். முதல் வருடத்தில் அது தேவையில்லை.

ரேஞ்ச்ஃபைண்டருக்குச் செய்த அகல லென்ஸ்கள் டிஜிட்டல் சென்சாரில் ஓரம் இழுபட்டு, சில பாடிகளில் ஊதா படிந்து வரும். சென்சாரின் மேல் இருக்கும் கண்ணாடித் தகட்டில் வெளிச்சம் மிகவும் சாய்ந்து விழுவதே காரணம். அகலத்துக்கு எஸ்எல்ஆர் லென்ஸே நல்லது.

10. லென்ஸின் குறையை முழுசாகத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள்.

பழைய லென்ஸ்களில் பலவற்றுக்கு ஒற்றைப் பூச்சுதான். காலை ஏழு மணிக்குக் குறுக்குத்துறையில் ஆற்றைப் பார்த்து வெயிலுக்கு எதிராக நின்றால், தண்ணீரில் பட்டு வரும் ஒளி லென்ஸுக்குள் புகுந்து படம் முழுவதும் வெளுக்கும். ஹூட் போடுங்கள், இல்லையென்றால் இடது கையை லென்ஸுக்கு மேல் நிழலாகப் பிடியுங்கள். கை படத்துக்குள் வராமல், நிழல் மட்டும் கண்ணாடியில் விழ வேண்டும். நிழல் விழுந்த நொடியில் வியூஃபைண்டரில் கறுப்பு திரும்பி வருவதைப் பார்க்கலாம். அந்த வெளுப்பே வேண்டும் என்று தோன்றினால் கையை எடுத்துவிடுங்கள். எடுப்பதும் வைப்பதும் உங்கள் முடிவாக இருக்க வேண்டும், தற்செயலாக அமையக் கூடாது.

ஹீலியாஸ் 58 மிமீ லென்ஸின் சுழலும் பின்னணிக்கும் இதே விதிதான். ஜெர்மனியின் ஸைஸ் பயோட்டாரைப் பின்பற்றி ரஷ்யாவில் செய்தது அது. ஓரத்து வெளிச்சத்தை லென்ஸின் குழல் மறைப்பதாலும், ஃபோகஸ் தளம் வளைந்திருப்பதாலும் பின்னணிப் புள்ளிகள் பூனைக்கண் வடிவில் நடுவைச் சுற்றி வரும். எஃப் 2-இல் வைத்து, ஆள் இரண்டு மீட்டரில், அவருக்குப் பின்னால் ஐந்தாறு மீட்டர் தள்ளி இலையிடுக்கில் வானம் தெரியும் மருத மரம் இருந்தால் சுழல் நன்றாக வரும். தாமிரபரணிக் கரையில் மருத மரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாப் படத்திலும் சுழல் வேண்டாம். பார்ப்பவர் கண் ஆளிடம் நிற்க வேண்டும். எஃப் 4-க்கு மூடினால் சுழல் அடங்கும், எஃப் 5.6, எஃப் 8-இல் ஓரம்வரை தெளியும்.

11. நெருக்கத்தில் பார்க்க ஒரு நீட்டுக் குழல் வாங்குங்கள்.

பழைய 50 மிமீ லென்ஸ் பொதுவாக அரை மீட்டருக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது. எம்42-க்கு உள்ளீடற்ற நீட்டுக் குழல் மிக மலிவு. 50 மிமீ லென்ஸுக்குப் பின்னால் 25 மிமீ குழல் வைத்தால் பொருளின் பாதி அளவு சென்சாரில் விழும். 50 மிமீ வைத்தால் முழு அளவு.

பத்தமடைக்குப் போய்ப் பழகுங்கள். கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறவைத்து, மயிரிழை போலக் கீறி, பாயாக நெய்கிறார்கள். தறியின் ஓரத்தில் கோரை இழை நூலுக்குள் நுழையும் இடத்தைப் பாதி அளவில் எடுங்கள். இந்த நெருக்கத்தில் ஃபோகஸ் வளையத்தைத் திருப்புவதில் பயனில்லை. வளையத்தை ஓரிடத்தில் வைத்துவிட்டு, உங்கள் உடம்பை மில்லிமீட்டர் கணக்கில் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். எஃப் 8 வையுங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் ஒவ்வொரு கோரைக்கும் நிழல் கிடைக்கும். நெய்பவரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். எடுத்த படத்தை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

12. பறவைக்கும் பழைய டெலி லென்ஸ் உதவும், பொறுமை வேண்டும்.

கூந்தன்குளத்தில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் ஊருக்குள்ளேயே மரத்தில் கூடு கட்டுகின்றன. பறக்கும் பறவையைத் துரத்தாதீர்கள். கூட்டில் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். குஞ்சுக்கு இரை கொண்டுவரும் பறவை திரும்பத் திரும்ப அதே இடத்துக்குத்தான் வரும். பழைய 200 மிமீ லென்ஸ் ஏபிஎஸ்-சி-யில் 300 ஆகிவிடும். எஃப் 5.6, ஷட்டர் ஆயிரத்தில் ஒரு பங்கு, முக்காலி. இவ்வளவு போதும். கூட்டுக்கு அடியில் போய் நிற்காதீர்கள், கல்லெறிந்து எழுப்பாதீர்கள்.

இந்த வேலைக்கு நம் ஊரிலேயே முன்னோடி உண்டு. இயற்கை எழுத்தாளர் எம். கிருஷ்ணன் 1912 ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தவர்; ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த அவருடைய கேமரா ஒரு கம்பெனியின் பாடி, இன்னொரு கம்பெனியின் டெலி லென்ஸ், தானே சேர்த்த மற்ற உறுப்புகள் எல்லாம் கலந்தது. அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர். இயற்கையியலாளர் இ. பி. ஜீ 1964-இல் வெளியிட்ட இந்தியக் காட்டுயிர் பற்றிய நூலில் அதை வியந்து எழுதியிருக்கிறார். அடாப்டர் கடையில் கிடைக்காத காலம் அது. யானை எப்படி நடக்கும், எப்போது நிற்கும் என்பதை ஆண்டுக்கணக்கில் பார்த்துத் தெரிந்தவர் என்பதால்தான் அந்தக் கனத்த கருவி அவர் கையில் பேசியது. பத்மஸ்ரீ விருதும் பெற்றார். கருவி ஒட்டுப்போட்டதாக இருக்கலாம், பொருளைப் பற்றிய அறிவு ஒட்டுப்போட்டதாக இருக்கக் கூடாது என்பதை அவரிடம் படியுங்கள்.

13. ஈரத்திலிருந்தும் வெயிலிலிருந்தும் காப்பாற்றுங்கள்.

நம் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் லென்ஸுக்கு முதல் எதிரி பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் பக்கத்து வீடுகளில் சுவரே வியர்க்கும். தோல் உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதை லென்ஸிடமிருந்து பிரித்துத் தூர வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. ஈரம் 40-இலிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். நிறம் மாறிய ஜெல்லைச் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடுங்கள். அரிசிக்குள் லென்ஸைப் புதைக்காதீர்கள். மாவுத்தூசி உள்ளே போகும். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, வாரம் ஒரு தடவை வெளியே எடுத்துப் படம் பிடிப்பது.

2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 செமீக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. அப்படி வெள்ளநீர் புகுந்த லென்ஸின் வளையத்தைத் திருப்பாதீர்கள், வண்டல் மரையை அறுத்துவிடும். ஹேர் டிரையரும் காட்டாதீர்கள். அப்படியே மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

வெயிலில் வேறொரு ஆபத்து உண்டு. மூடியில்லாத லென்ஸை ஜன்னலிலோ கார் சீட்டிலோ வைத்தால் சூரியனைக் குவித்துத் தீப்பிடிக்க வைக்கும். எஃப் 1.4-இல் திறந்த லென்ஸை உச்சி வெயிலில் சூரியனை நோக்கிப் பிடித்தபடி நிற்காதீர்கள். மிரர்லெஸ்ஸில் சென்சார் திறந்தே இருக்கும்.

சூப்பர் டாக்குமார் 50 மிமீ எஃப் 1.4-இல் பின்னால் வந்த ஏழு கண்ணாடி வகையில் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது. ஆண்டுகள் போகப்போக அது தேன் நிறமாகிவிடும். புற ஊதா எல்இடி விளக்கின் கீழ் சில நாள் வைத்தால் பெருமளவு வெளுக்கும். அந்த லென்ஸை வைத்துப் படமெடுப்பதில் பயமில்லை. உடைக்கவோ தேய்க்கவோ கூடாது, கண்ணோடு ஒட்டிப் பூதக்கண்ணாடியாகவும் பயன்படுத்தக் கூடாது.

பழுது பார்க்க நீங்களே கழற்றாதீர்கள். ஃபோகஸ் குழலில் ஒரே மரை கிடையாது. பல மரைகள் பக்கம் பக்கமாகத் தொடங்கும். எந்த இடத்தில் பிரிந்தது என்று குறிக்காமல் கழற்றினால், திரும்பப் பூட்டும்போது வேறொரு மரையில் ஏறி, இன்ஃபினிட்டி தொலைந்துவிடும். ஃபிலிம் கேமரா பார்த்த பழைய மெக்கானிக் உங்கள் பக்கத்தில் இருந்தால் அவரிடம் கொடுங்கள், கேட்ட கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். அந்தத் தொழில் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அனுமதித்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

14. ஒரு வருடம் ஒரே லென்ஸோடு இருங்கள்.

மலிவாகக் கிடைக்கிறது என்று அடுத்தடுத்து வாங்கத் தோன்றும். வாங்காதீர்கள். கார் நெல் நடவிலிருந்து, பிசான நெல் அறுப்பும் முடிந்து, அடுத்த கார் நடவுவரை ஒரே 50 மிமீ லென்ஸை வைத்து எடுங்கள். சித்திரை உச்சி வெயிலில் அது எப்படி வெளுக்கிறது, மழை மூட்டத்தில் எப்படி இதமாகிறது, கிருஷ்ணாபுரம் மண்டபத்து அரையிருட்டில் கற்சிலையின் மூக்குத்தி எந்த எஃப் எண்ணில் எழும்புகிறது என்பதெல்லாம் உங்களுக்கே தெரிய வேண்டும். கோயிலுக்குள் எடுக்க அனுமதி கேட்டுவிட்டுத்தான் கேமராவைத் திறக்க வேண்டும் என்பதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கூலிக்குச் செய்யும் வேலையில் இதைச் சோதிக்காதீர்கள். தாலி கட்டும் நேரம் ஒரு தடவைதான் வரும். அங்கே ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ் போட்டு, வந்தவரின் காசுக்கு நியாயம் செய்யுங்கள். மனம் நிதானமாக இருக்கும் வேளையில் பழைய லென்ஸை எடுங்கள்.

வருட முடிவில் நோட்டையும் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மிகச் சிறந்த இருபது படங்களை அச்சிடுங்கள். அவற்றில் எதை லென்ஸ் கொடுத்தது, எதை நீங்கள் தீர்மானித்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பெரும்பாலானவற்றில் தீர்மானம் உங்களுடையது என்று பதில் வந்தால் இரண்டாவது லென்ஸ் வாங்கும் தகுதி வந்துவிட்டது. என்ன மிமீ வேண்டும் என்பதும் அப்போது யாரையும் கேட்காமலே தெரியும். வராவிட்டால் அதே லென்ஸோடு இன்னொரு வருடம் நடங்கள்.